கலர் வேண்டாம் என்றுதான் சொன்னேன்

தம்பி, நீ அனுப்பிய டேப், பெரிய போன் மாதிரி இருக்கிறதே அது, வந்து சேர்ந்தது. நல்ல கலர். கிளிப்பச்சை எது, மயில்பச்சை எது என்று தனித்தனியாகத் தெரிகிறது. நீ வெளிநாடு கிளம்புவதற்கு முன்னால் வருகிற ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வந்து சொல்லிக்கொண்டு போவதாக உன் பெண்டாட்டி போனில் சொன்னாள். வாருங்கள். ஆனால் அன்றைக்கு நான் இந்தப் பேச்சை எடுத்தால், "அம்மா ஆரம்பிச்சுடுச்சு" என்று போனைக் காதில் வைத்துக்கொண்டு நீ வாசலுக்குப் போய்விடுவாய். உனக்கு அது பழக்கம். அதனால்தான் எழுதுகிறேன். எழுதியதை விட்டு எழுந்து போனாலும் திரும்பி வரும்போது அது அங்கேயே கிடக்கும். இதை யார் எழுதிக் கொடுத்தது என்று முதலில் கேட்பாய். யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. வரி கோணிக்கொண்டு போவது என் கண்ணால். படிப்புக் குறைவால் இல்லை.

நீ என்னைக் கேட்காமல் வாங்கியிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. கேட்டாய். அதுதான் என்னால் விழுங்க முடியவில்லை. போன் பண்ணி, "அம்மா, ஒனக்கு ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். ரெண்டு இருக்குது. ஒண்ணு பொஸ்தகம் படிக்கிற மெஷினு, ரீடர்னு சொல்லுவாங்க. கறுப்பு வெள்ளை, வெறும் எழுத்துதான் வரும். இன்னொண்ணு டேப்பு. கலரு, அதுல எல்லாமே வரும். ஒனக்கு எது வேணும்?" என்றாய். சென்னைக்குப் போனபிறகு ஆபீஸ்காரர்களிடம் வேறு மாதிரி பேசக் கற்றுக்கொண்டாய். என்னிடம் பேசும்போது மட்டும் நம் வீட்டுப் பேச்சு வரும். அந்த ஒரு வாக்கியத்துக்கு மனசு குளிர்ந்துதான் போனேன்.

"கறுப்பு வெள்ளை" என்றேன்.

"யம்மா, அதுல நாடகம் வராது."

"வேணாம்."

"பாட்டு வராது. பாப்பா மூஞ்சி வராது."

"எழுத்து வருமில்ல?"

"எழுத்த வச்சிகினு நீ இன்னாம்மா பண்ணப் போற?" என்று சிரித்தாய். பக்கத்தில் உன் பெண்டாட்டி சிரித்ததும் கேட்டது. மெதுவாகத்தான் சிரித்தாள். ஆனாலும் கேட்டது.

அந்த ரீடரைப் பற்றி எனக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். என்னைக் கண் ஆஸ்பத்திரிக்கு நீதான் காரில் அழைத்துப் போனாய். பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, ஆபீஸ் போன் என்று படிக்கட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டாய். சொட்டு மருந்து விடக் கூப்பிடுவதற்கு முன்னால், என் பக்கத்தில் இருந்த பெண்மணி மடியில் சிலேட்டு மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டிருந்தார். "இன்னாங்க இது?" என்று கேட்டேன். "பொஸ்தகம்தாங்க. புடிச்சிப் பாருங்க" என்று கையில் கொடுத்துவிட்டார். விரலால் எங்கேயோ அழுத்தினார். எழுத்து மொச்சைக்கொட்டை அளவுக்குப் பெரிதாக வந்து நின்றது. உள்ளேயிருந்து வெளிச்சம் கண்ணில் அடிக்கவில்லை. காகிதத்தின்மேல் விழுகிற மாதிரி சன்னல் வெளிச்சம் அதன்மேல் விழுந்து கிடந்தது. பக்கம் மாறும்போது ஒரு நொடி கறுத்து, பிறகு தெளிந்தது. அவ்வளவுதான் அதன் குற்றம். நர்சம்மா என் பேரைக் கூப்பிட்டதுகூடக் காதில் விழாமல் படித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்மணிதான் தட்டி எழுப்பினார்.

டாக்டர் சொன்னதும் உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். கடைசியில் வந்து சீட்டை வாங்கிக்கொண்டாய். "இடது கண்ணுல இனிமே செய்யறதுக்கு ஒண்ணுமில்லம்மா. வலது கண்ணைத்தான் பத்திரமா வச்சிக்கணும்" என்றார். "படிக்கலாங்களா?" என்றேன். அவர் சீட்டிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். நான் அப்படிக் கேட்பேன் என்று அவரும் நினைக்கவில்லை போலிருக்கிறது. "பெரிய எழுத்தா இருந்தா கண்ணு கேக்குற வரைக்கும் படிங்க. கூசுற வெளிச்சத்த உத்துப் பாக்காதீங்க" என்றார். எத்தனை நாளைக்கு என்று கேட்டதற்கு, அதை யாராலும் சொல்ல முடியாது என்றுவிட்டார். இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் கறுப்பு வெள்ளை என்றேன் தம்பி. கலர் பிடிக்காத கிழவி என்று நினைத்துக்கொண்டாயா?

டேப் வந்த அன்றைக்கு, சரி, பையனுக்கு அந்த ரீடர் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று நானே உனக்காக ஒரு சாக்கு சொல்லிக்கொண்டேன். மறுநாள் உன் மாமியார் போன் பண்ணினார். அவர் பெரிய பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். போனில்கூட வகுப்பெடுப்பது மாதிரிதான் பேசுவார். "சம்பந்தியம்மா, மாப்பிள்ளை எனக்கு ஒரு ரீடர் அனுப்பியிருக்கார். நான் படிக்கிறவளாம், அதனால எனக்கு இதுதான் பொருத்தமாம். எனக்கு எதுக்குங்க இது? வேலையில இருக்கிறப்ப படிச்ச பேப்பரே போதும்னு இருக்கு. வெறும் எழுத்தா வந்துகிட்டு இருக்கு. உங்களுக்குக் கலர்ல வந்திருக்காமே, நாடகமெல்லாம் பார்க்கலாம். நீங்க கொடுத்து வச்சவங்க" என்றார்.

அவரே மேலும் சொன்னார். "மாத்திக்கலாமான்னுகூட நினைச்சேன். ஆனா உங்களுக்கு இது ஒத்துவராதே."

"ஆமாங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். எனக்கு வேண்டியது அவர் மேஜையில் தூசி படிந்து கிடக்கிறது. அவருக்கு வேண்டியது என் வீட்டில் மினுக்கிக்கொண்டிருக்கிறது. ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துபோகிற காரியம் என்று நீ சொல்லுவாய். அந்த ஒரு வார்த்தையை அவரிடம் போய்க் கேட்பதற்கு நான் பிறக்கவில்லை.

இரண்டு அம்மாக்களுக்கு இரண்டு சாமான் வாங்கினாய். எது யாருக்கு என்று உன் மனசு தானாகப் பிரித்துப் போட்டிருக்கிறது. அதை நினைத்து நினைத்துப் பார்த்தேன். உனக்கு ஏன் அப்படித் தோன்றியது என்று எனக்கு இப்போது தெரியும். நாம் இருந்த வீடு ஷிஃப்ட் வீடு. கோளாறு அங்கே ஆரம்பித்தது.

உங்கப்பா சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டில் வேலை பார்த்தார். நைட் ஷிஃப்ட் வாரம் வந்தால் நம் குவார்ட்டர்ஸில் பகல் என்பதே கிடையாது. சன்னலுக்குப் போர்வை. அம்மி கூடாது, ரேடியோ கூடாது, குக்கர் விசில் கூடாது. கேட்டில் ஒரு துண்டைத் தொங்கவிடுவேன். அதைப் பார்த்தால் கீரைக்காரி கூவாமல் கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவாள். லெண்டிங் லைப்ரரிக்காரர் சைக்கிள் மணி அடிக்காமல் வாரப் பத்திரிகையையும் நாவலையும் கம்பிச் சந்தில் சொருகிவிட்டுப் போவார். நீ அழுதால் உன்னைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்கு ஓடுவேன். நீ தூங்கினால், சத்தமில்லாமல் செய்யக்கூடிய ஒரே வேலைதான் எனக்கு மிச்சம். சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து படிப்பேன்.

மூன்றாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். சேத்தியாத்தோப்புப் பக்கம் எங்கள் ஊரில் அப்போது நடவுக்கு ஆள் வேண்டியிருந்தது, நிறுத்தினார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கும் அளவுக்குத்தான் தெரியும். கூட்டிப் படித்தால் உதடு அசையும், உதடு அசைந்தால் முணுமுணுப்பு வரும். அது மூடிய அறைக்குள் போய் உங்கப்பா காதில் விழுந்தது. எழுந்து வந்தார். "இன்னாடி முணுமுணுன்னு? ராவு பூரா பெல்ட்டு சத்தம், வூட்டுக்கு வந்தா ஒஞ் சத்தமா? மனுசன் தூங்கறதா வேணாமா?" என்று புத்தகத்தைப் பிடுங்கி வீசினார். அது பாத்திரம் கழுவுகிற தொட்டியில் போய் விழுந்தது. கதையில் அந்தப் பெண் ரயிலேறினாளா இல்லையா என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது. ஊறிப்போன புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு லைப்ரரிக்காரரிடம் நான்தான் தலைகுனிந்து நின்றேன். உங்கப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அவரோடு இருந்த சண்டையில் பாதி அவரோடு போய்விட்டது. அந்த நனைந்த புத்தகம் மட்டும் போகவில்லை.

அதற்குப் பிறகு வாயில் ஒரு கொட்டைப்பாக்கை ஒதுக்கிக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன். பாக்கு இருந்தால் உதடு பிரியாது. ஆரம்பத்தில் ஒரு பக்கம் முடிவதற்குள் தாடை வலிக்கும். போகப் போக எழுத்து வாய்க்கு வராமல் நேராக உள்ளே போகப் பழகிக்கொண்டது. காற்று மாதிரி படிப்பேன். நாவல், தொடர்கதை, மளிகைப் பொட்டலத்துக் காகிதம், எதையும் விட்டதில்லை. டவுன்ஷிப்பில் புத்தகக் கண்காட்சி போட்டால், உனக்கு மிளகாய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்து ஓர் இடத்தில் உட்காரவைத்துவிட்டு, ஒவ்வொரு கடையிலும் நின்று விரட்டும்வரை படிப்பேன். பஜ்ஜி உனக்கு ஞாபகம் இருக்கும்.

ஆக, நான் வாய்விட்டுப் படித்து நீ ஒரு நாளும் கேட்டதில்லை. உன் சிநேகிதர்கள் வீட்டில் அவர்களுடைய அம்மாக்கள் பாடத்தைச் சத்தமாகப் படித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். நம் வீட்டில் பாக்கை அதக்கிக்கொண்டு ஒருத்தி காகிதத்தை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். என் எதிரிலேயே உன் சிநேகிதனிடம், "எங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, படம் பாக்கும்" என்றாய். சின்னப் பிள்ளை, வளர்ந்தால் தெரிந்துகொள்ளும் என்று விட்டுவிட்டேன். நீ வளர்ந்தாய். தெரிந்துகொள்ளவில்லை.

உன் நிச்சயதார்த்தத்துக்கு வருகிறேன். அதை மறந்திருப்பேன் என்று நினைத்தாயா? இரண்டு பக்கத்து ஆட்களும் சமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தோம். லக்னப் பத்திரிகை எழுதி முடித்துத் தாம்பாளத்தில் வைத்தாகிவிட்டது. உன் மாமியார் எழுந்து, "ஆம்பளைங்கதான் படிக்கணும்னு என்ன இருக்கு? மாப்பிள்ளையோட அம்மா படிக்கட்டுமே" என்றார். அன்றைக்கு அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது. இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஓரமாகப் போய்ப் பாக்கைத் துப்பிவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பத்திரிகையை வாங்கினேன். முதல் வரியில் உன் தாத்தா பேர் இருந்தது. வாயைத் திறந்தேன்.

"அத்தை, அம்மாவுக்கு வராது. நீங்களே படிச்சிடுங்க" என்று என் கையிலிருந்து அதை உருவிக்கொண்டு போனாய்.

நம் பக்கத்து ஆள்தான், உன் பெரியம்மா, விடவில்லை. "இன்னாடா வராது? ஒங்கம்மா எந்நேரமும் பொஸ்தகமும் கையுமா குந்திகினு இருக்குமே?"

"அது படம் பாக்கும், பெரிம்மா."

எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. செல்லமாகத்தான் சிரித்தார்கள். சந்தனக் கிண்ணத்தை வைத்துக்கொண்டிருந்த கிழவர்கூடச் சிரித்தார். உன் மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கணீரென்று படித்தார். நல்ல காரியம் நடக்கிற இடத்தில் வாய் பேசக்கூடாது என்று நான் உட்கார்ந்துவிட்டேன். என்னை அவமானத்திலிருந்து காப்பாற்றிவிட்டதாக நீ நினைத்துக்கொண்டாய். உன் முகத்தில் அந்தப் பெருமை இருந்தது. நீ வேண்டுமென்று செய்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு மறந்திருப்பேன். அன்பாகச் செய்ததை என்ன செய்வது?

அன்றைக்கு வீட்டுக்கு வந்து உனக்குப் படித்துக் காட்டியிருக்கலாமே என்பாய். எதற்கு? படித்துக் காட்டி மார்க் வாங்க நான் உன்னிடம் படிக்கிற பிள்ளையா?

இப்போது டேப்புக்கு வருகிறேன். நியாயமாகவே சொல்கிறேன், ஒரேயடியாகத் தூக்கிப் போடவில்லை. எதிர் வீட்டு அஞ்சலை தினம் சாயங்காலம் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். "யக்கா, பேத்தி அப்டியே எதுருல நிக்கிறாப்ல இருக்குது. நீ கொடுத்து வச்சவ" என்பாள். அவளும் அதையேதான் சொல்கிறாள். பாப்பா தன் செருப்பைக் காட்டுவாள், பல் விழுந்த இடத்தைக் காட்டுவாள். "பாட்டி, லுக் ஹியர்" என்பாள். அவள் முதலில் என்னை ஆயா என்றுதான் கூப்பிட்டாள். ஆயா என்றால் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கால் கழுவிவிடுகிறவர் என்று அவள் அம்மா மாற்றிவிட்டாள். நீயும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாய். நம் பக்கத்தில் அப்பாவைப் பெற்றவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. போகட்டும். "அம்மா, கேமராவப் பாரு, மேல பாரு, ஒன் நெத்திதான் தெரியுது" என்று நீ கத்துவாய். நான் அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

பாப்பாவோடு பேசிய மறுநாளெல்லாம் வலது கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. புத்தகத்தை எடுத்தால் வரி ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்கிறது. நெட் கிடைக்காமல் போன நாட்களுக்கு மறுநாள் நன்றாகப் படிக்க முடிகிறது. டேப்பிலேயே எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாமே என்பாய். படித்துப் பார்த்தேன். விளக்குக்குள் தலையை விட்ட மாதிரி இருக்கிறது. கதையில் பாதி வழியில் போய்க்கொண்டிருக்கும்போது மேலே ஒன்று குதித்து வந்து பிரியாணி வேண்டுமா என்று கேட்கிறது. அதைத் தள்ளினால் உன் மச்சினன் காலை வணக்கம் அனுப்புகிறான். பொழுது சாய்வதற்குள் சார்ஜ் போய்விடுகிறது. டவுன்ஷிப்பில் இருந்தவரை கரண்டு போய் நான் பார்த்ததில்லை. இந்த வடலூர் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி தெரிகிறது. கீழே நான் செத்துப்போன டேப்பையும் விசிறி மட்டையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அதனால் தீர்மானம் செய்துவிட்டேன். கண்ணில் இருப்பது கொஞ்சம். அதைப் பாப்பா முகத்துக்குக் கொடுத்தால் எழுத்துக்கு மிஞ்சாது. எழுத்துக்குக் கொடுத்தால் முகத்துக்கு மிஞ்சாது. நான் எழுத்துக்குக் கொடுக்கிறேன். ஊரில் யாரிடம் சொன்னாலும் காறித் துப்புவார்கள். பேத்தி முகத்தைவிடக் கதைப்புத்தகமா என்பார்கள். அஞ்சலையிடம் சொன்னேன். "ஒனக்கு இன்னா புத்தி பெசகிப்போச்சா?" என்று எழுந்து போனவள் இன்னும் வரவில்லை.

பாப்பா முகம் எனக்குத் தெரியும். வளர வளர மாறிவிடும், பார்க்காமல் இருந்தால் அடையாளமே தெரியாமல் போய்விடும் என்று நீ பயமுறுத்துவாய். மாறட்டும். மாறிய முகத்தை எனக்குக் காட்டவேண்டுமானால் நீ அவளைக் கூட்டிக்கொண்டு வரவேண்டியிருக்கும். "அதான் டேப் இருக்கேம்மா, தெனம் பாத்துக்கலாம்" என்று இப்போதே சொல்ல ஆரம்பித்துவிட்டாய். டேப் இருந்தால் நீ வரமாட்டாய் தம்பி. அதை நீ எனக்கென்று வாங்கவில்லை. அங்கே நிம்மதியாகத் தூங்க உனக்கென்று வாங்கிக்கொண்டாய். பேசவேண்டும் என்றால் போன் இருக்கிறது. காதில் எனக்கு எந்தக் கோளாறும் இல்லை.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு அதிகமில்லை. போகிற இடத்தில் யாரையாவது உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொள். கேட்டுக்கொள்ள மனசில்லாவிட்டால் கேள்வியே கேட்காதே. உன் பெண்டாட்டி சத்தம் போடாமல் எதையாவது செய்துகொண்டிருந்தால், சும்மா உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைக்காதே. அவளை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. இருந்தாலும் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வரும்போது அந்தக் கறுப்பு வெள்ளை ரீடரை வாங்கிக்கொண்டு வா. புதிதாக வாங்கு. உன் மாமியாரிடம் கேட்டு வாங்கி வந்தால் வாசலிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவேன். அதில் கொள்கிற அளவுக்குப் புத்தகம் ஏற்றிக் கொண்டுவா. நீ கண்காணாத ஊருக்குப் போனபிறகு ஒவ்வொன்றுக்கும் உன்னிடம் கையேந்த எனக்கு இஷ்டமில்லை. எழுத்தை எங்கே அழுத்தினால் பெரிதாகும் என்று ஒருமுறை காட்டு, போதும். டேப்பைத் துடைத்து, சார்ஜரோடு அது வந்த பெட்டியிலேயே போட்டுக் கூடத்தில் வைத்திருக்கிறேன். போகும்போது எடுத்துக்கொண்டு போ. காரில் பாப்பா பார்த்துக்கொண்டு போகட்டும்.

ரீடர் கொண்டுவராவிட்டாலும் வா. பெற்ற பிள்ளையை வாசலில் நிறுத்தமாட்டேன். மீன் குழம்பு வைக்கிறேன், உட்கார்ந்து சாப்பிடு. சாப்பிட்டுக் கை கழுவியதும் கிளம்பிவிடு. மத்தியானத்துக்குமேல்தான் மேற்குச் சன்னலில் நல்ல வெளிச்சம் விழும். உங்களோடு பேசி அதை வீணாக்க என்னால் முடியாது.